கூட்டத்துக்கு வராதவர்கள் சொன்னது: ஒரு பகல்நேரப் பயிற்சி மையத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட தமிழக மாவட்டம் ஒன்றின் ஓர் ஒன்றியத்தில், மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்காக ஒரு சிறு அறக்கட்டளை பகல்நேரப் பயிற்சி மையம் நடத்திவருகிறது. அதன் ஒருங்கிணைப்பாளராக 2023 தொடக்கத்திலிருந்து 2024 நடுப்பகுதிவரை நான் பார்த்ததையும் செய்ததையும் தவறவிட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் தரவில்லை. யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

மையம் என்றால் இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், வெளியே தனியாக ஒரு கழிப்பறை. சிறப்பாசிரியர் தினமும் வருவார். இயன்முறை மருத்துவர் வியாழக்கிழமை மட்டும் வருவார். பதிவேட்டில் 34 பெயர்கள் இருந்தன. மிகச் சிறியவனுக்கு 4 வயது, மூத்தவனுக்கு 26. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் வழியாகச் சிறப்பாசிரியரும் பயிற்சியும் கிடைப்பது 18 வயதுவரைதான். அதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஒன்றியத்தில் எங்கள் மையம் தவிர வேறு இடம் இல்லை. அப்படியிருந்தும் வியாழக்கிழமைகளில் வந்தவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "விழிப்புணர்வு போதவில்லை." அது எவ்வளவு பிழையான பதில் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பெரும்பாலான வீடுகளுக்கு அரசிடமிருந்து கையில் வருவது பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியில்தான் அது மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. அது பிள்ளைக்கான பணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்புக்கு அதில் கணக்கில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்குக் கவனிப்பும் ஆதரவும் உதவியும் தரும் எவரும், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, பராமரிப்பாளரே என்கிறது அதன் 2ஆம் பிரிவு. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவது பற்றி 24ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் எங்கள் ஊர்களில் எந்தப் பெண்ணும் தன்னைப் பராமரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. "நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். இந்தச் சொல்லைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

2023 தொடக்கத்தில் ஒரு நன்கொடையாளர் மையத்தை மேம்படுத்த ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார். "குடும்பங்களைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்" என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

முதல் கூட்டம்

மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை 11 மணி. ஒன்றிய அலுவலக வளாகத்தில் இருந்த ஒரு கூடத்தை வாங்கியிருந்தோம். "பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டம்" என்று அச்சிட்ட அழைப்பு 34 வீடுகளுக்கும் போனது. ஏழு பேர் வந்தார்கள். நான்கு அப்பாக்கள், ஒரு மாமா, இரண்டு அம்மாக்கள். அம்மாக்கள் இருவரும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வாங்க நினைத்திருந்த கருவிகளின் படங்களைத் திரையில் காட்டினோம். பிள்ளையைத் தாங்கி நிற்கவைக்கும் ஸ்டேண்டிங் ஃப்ரேம், நடைப்பயிற்சிக் கம்பிகள், பெரிய ரப்பர் பந்து. "உங்களுக்கு வேறு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரி" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. அந்த அம்மா எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. நாற்பது நிமிடத்தில் தேநீர் கொடுத்து முடித்துவிட்டோம்.

அன்று மாலை கூட்டக் குறிப்பேட்டில் நான் எழுதியது இது: "பெற்றோர் மனநிறைவு தெரிவித்தனர். கருவிகள் வாங்க ஒப்புதல் அளித்தனர்." அந்த இரண்டு வரிகளையும் அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பணியாளர்களிடம் இப்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.

கட்டடத்தின் பின்புறம்

அதற்கு அடுத்த வாரம், தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். சுவரோரமாக இரண்டு பெண்கள் ஒரு சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மறைவுக்குள், மண்தரையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கை விரித்து, மூன்றாவது பெண் மண்டியிட்டுத் தன் மகளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். மகளுக்கு வயது 14. மாதவிலக்கு நாள். கால்கள் இறுகியிருந்ததால் ஒரு கையால் முழங்காலை விலக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறுமி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கழிப்பறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பூட்டியிருந்தது. வெளியாட்கள் வந்து அசுத்தம் செய்கிறார்கள் என்று நாங்கள்தான் பூட்டி, சாவியை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம். திறந்திருந்தாலும் பயனில்லை. சக்கர நாற்காலி நுழையாத கதவு, உள்ளே தரையோடு பதித்த பீங்கான், ஒருவர் நிற்கும் அளவுக்கே இடம்.

அந்த அம்மா இரண்டு வருடமாக வருகிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இதெல்லாம் மையத்தில் கேட்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை, அக்கா. பயிற்சி கொடுப்பது உங்கள் வேலை. இது என் வேலைதானே?"

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். "என்ன சேவை வேண்டும்" என்று நாங்கள் கேட்டால், எதைச் சேவை என்று நாங்கள் ஏற்கனவே முடிவு செய்துவைத்திருக்கிறோமோ அதற்குள்தான் அவர்கள் பதில் சொல்வார்கள். அவர்களை உண்மையில் அழுத்துவதெல்லாம் "என் வேலை" என்ற கணக்கில் எழுதப்பட்டு எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கருவிகளுக்கான கொள்முதலை அன்றே நிறுத்திவைத்தேன்.

புளியங்கொட்டைகள்

கூட்டம் போடுவதை விட்டுவிட்டு வீடுகளுக்குப் போவது என்று முடிவுசெய்தோம். சிறப்பாசிரியரும் நானும் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் மாலை ஆறு மணிக்கு மேல் போனோம். பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள். "என்ன வேண்டும்" என்ற கேள்வியைக் கேட்பதில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். "நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டோம்.

கையில் ஒரு சுருக்குப்பையில் புளியங்கொட்டை கொண்டுபோனோம். கிராமத் திட்டமிடல் பயிற்சிகளில் பல காலமாக இருக்கும் பழக்கம்தான் இது. ஒருவருக்கு 24 கொட்டை, ஒரு மணிக்கு ஒன்று. தரையில் கரித்துண்டால் கட்டம் போட்டு, சமையல், தண்ணீர், மாடு, கூலி வேலை, பிள்ளைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கம் என்று பிரித்து வைக்கச் சொன்னோம்.

ஓர் அம்மா மளமளவென்று வைத்துக்கொண்டே வந்தார். தூக்கத்துக்கு வரும்போது கையில் நான்கு கொட்டைதான் மிச்சம். அதில் ஒன்றை எடுத்து, "ராத்திரி வலிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைத் தூக்கத்தில் வைப்பதா, பிள்ளையில் வைப்பதா?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் அதை இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டின் மேல் வைத்தார். இன்னொரு வீட்டில் கொட்டை தீர்ந்துபோன பிறகும் இரண்டு வேலை பாக்கியிருந்தது. "சமைத்துக்கொண்டே ஊட்டுகிறேன், அப்படியானால் ஒரே கொட்டையை இரண்டு இடத்தில் வைக்கலாமா?" என்றார்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டாரைக் கவனிக்கும் ஊதியமில்லா வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 134 நிமிடம் செலவிடுகிறார் என்றும், ஆண் 76 நிமிடம் என்றும் சொன்னது. வீட்டு வேலைக்குப் பெண் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அவை நாடு முழுவதற்குமான சராசரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டும் வீடுகளில் தரையில் கிடந்த கொட்டைகள் அந்தச் சராசரியின் பக்கத்திலேயே வரவில்லை.

வியாழக்கிழமை வராததற்கான காரணங்களும் அந்தக் கட்டங்களிலிருந்தே எழுந்துவந்தன. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து செயலி வழியாகக் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாகிவிட்டது. காலை 10 மணிக்குப் பயிற்சிக்கு வந்தால் முதல் படத்தில் இருக்க முடியாது. ஒரு நாள் கூலி போய்விடும். அதோடு வியாழன் எங்கள் ஒன்றியத்தில் சந்தை நாள். கோழிக்கூடையும் காய்கறி மூட்டையும் ஏறும் டவுன் பஸ்ஸில் முப்பது கிலோ பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க இடமிருக்காது. பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் அந்தப் பஸ்ஸில் கட்டணமில்லை. ஆனால் ஏறவே முடியாதவருக்கு டிக்கெட் இலவசமாக இருந்து என்ன? இறங்கும் நிறுத்தத்திலிருந்து மையம்வரை மணல் பாதை, சக்கரம் புதையும்.

ஒரு வீட்டில் அம்மா வேலைக்குப் போயிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்காள் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வலிப்பு மாத்திரையை எப்படி உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது என்று எங்களுக்குச் செய்துகாட்டினாள். வாரத்தில் எத்தனை நாள் பள்ளிக்குப் போகிறாய் என்று கேட்டோம். "தம்பிக்கு உடம்பு நன்றாக இருந்தால் எல்லா நாளும்" என்றாள்.

இன்னொரு வீட்டில் 26 வயது இளைஞனைப் பார்த்துக்கொள்வது எழுபதைக் கடந்த பாட்டி. மகளும் மருமகனும் இறந்துவிட்டார்கள். எங்கள் அழைப்பு அந்த வீட்டுக்கும் போயிருந்தது. யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "பெற்றோர் என்று போட்டிருந்ததே, அதனால் எனக்கு இல்லை என்று நினைத்தேன்" என்றார். அழைப்பில் நாங்கள் போட்ட ஒரு சொல் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஏழாம் வகுப்புச் சிறுமியையும் அதே சொல்தான் மறைத்தது.

முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

வைகாசியில் மறுபடி கூடினோம். இந்த முறை மையத்தின் தாழ்வாரத்தில், ஞாயிறு பிற்பகலில். அழைப்பில் "வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவர் வரவும்" என்று எழுதினோம். பிள்ளைகளைப் பக்கத்து அறையில் சிறப்பாசிரியரும் இரண்டு கல்லூரி மாணவிகளும் பார்த்துக்கொண்டார்கள். 19 பேர் வந்தார்கள். வீடுகளில் கேட்டதையெல்லாம் ஒரு பெரிய தாளில் எழுதி, எந்த வீட்டில் யார் சொன்னது என்று காட்டாமல் படித்தோம்.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ஐந்து பேர் உறுப்பினராக உட்கார்வது என்று முதலில் முடிவானது. இரண்டு அம்மாக்கள், ஓர் அப்பா, அந்தப் பாட்டி, ஓர் அண்ணி. யார் வருவது என்பதை அவர்களே பேசித் தேர்ந்தெடுத்தார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவதற்காக அல்ல. செலவுக் கணக்கைப் பார்ப்பதும் வாக்களிப்பதும் அவர்கள் உரிமை.

அடுத்தது, கூட்டத்துக்கு வரும் நாளுக்குக் கூலி இழப்பீடு. நூறு நாள் வேலையின் அன்றைய கூலியான 294 ரூபாயையே அளவாக வைத்தோம். எங்கள் அறங்காவலர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "தன் பிள்ளைக்காக வருவதற்குப் பணமா? நாளைக்குப் பணத்துக்காகவே வருவார்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலர் மனத்தில் இருப்பதைத்தான் சொன்னார். நான் ஒன்றுதான் கேட்டேன். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், கணக்காளர், நான் என எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரம் சம்பளத்தோடுதான் கழிகிறது. சம்பளத்தை இழந்து வந்து உட்கார்கிறவர் ஒருவர் மட்டும்தான். அவரிடமிருந்து மட்டும் தியாகம் கேட்பது எந்த நியாயம்? அறங்காவலர் ஒரு வருடம் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார்.

மூன்றாவது முடிவில்தான் உண்மையான மோதல். பணத்தில் பெரும்பகுதியைக் கழிப்பறைக்கும், துணி மாற்றும் மேடைக்கும் ஒதுக்க வேண்டும் என்றார்கள் பெண்கள். இயன்முறை மருத்துவர் எதிர்த்தார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. "இது வளரும் வயது. தசை இறுகிப்போனால் பிறகு அறுவைச் சிகிச்சைதான். நிற்கவைக்கும் கருவி ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த வருடம் திரும்ப வராது. மேடை பிறகும் கட்டலாம்."

அந்த 14 வயதுச் சிறுமியின் அம்மா பதில் சொன்னார். "டாக்டர், என் பெண் துணியை நனைத்துவிட்டால் நான் உடனே கிளம்பிவிடுவேன். நீங்கள் ஒரு மணி நேரம் சொல்கிறீர்கள். நான் இருப்பது இருபது நிமிடம். உங்கள் கருவி வந்தாலும் அந்த இருபது நிமிடம்தான்."

மருத்துவர் பேசாமல் தன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். யார் எப்போது வந்து எப்போது போனார்கள் என்று அவர் எழுதிவைத்திருந்தார். பாதியில் போன பெயர்களைப் பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தார். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இல்லாத பிள்ளைகளின் பெயர்கள்தான் ஏறக்குறைய எல்லாமே. "இதை நான் ஒத்துழையாமை என்று எழுதியிருக்கிறேன்" என்றார். அதன் பிறகு அவர்தான் அந்த மேடைக்காக அதிகம் வாதாடியவர்.

கழிப்பறைக்கும் மேடைக்கும் 82,000 ரூபாய், இரண்டு ஸ்டேண்டிங் ஃப்ரேமுக்கும் சில பயிற்சிப் பொருளுக்கும் 38,000, கூலி இழப்பீட்டுக்கு 30,000 என்று பிரித்தோம். ஐந்து பேருக்கு மாதம் ஒருமுறை கொடுத்தால் சுமார் இருபது மாதங்களுக்கு அது தாங்கும்.

பயிற்சி நாளையும் மாற்றினோம். வியாழனை விட்டு, செவ்வாய் காலை, வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு மேல் என இரண்டு அரைநாள். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குச் செவ்வாய், வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி. மருத்துவருக்கு இதனால் சிரமம்தான், ஒப்புக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தவை

மேடை கட்டும்போது எவ்வளவு உயரம் என்று கொத்தனார் கேட்டார். என் கையிலிருந்த வரைபடத்தில் ஓர் அளவு இருந்தது. பெண்கள் அதைப் பார்க்கவில்லை. சுவரில் ஒவ்வொருவராகச் சாய்ந்து நின்று இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். ஒன்பது கோடுகள். எது சரி என்று பேச்சு வந்தபோது, எல்லாவற்றிலும் கீழே இருந்த பாட்டியின் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். "உயரமானவள் கொஞ்சம் குனியலாம். குள்ளமானவள் எக்கிக்கொண்டு ஆளைத் தூக்கிவைக்க முடியாது" என்றார் அண்ணி. அப்படியே கட்டினார்கள். மேலே வழவழப்பான ஓடு, ஒரு பக்கம் குழாய், சுற்றிலும் திரை, கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில்.

சாவியைப் பற்றி முதல் மாதாந்திரக் கூட்டத்திலேயே பேசினார்கள். பூட்டு வேண்டும், ஆனால் சாவி இழுப்பறையில் இருக்கக் கூடாது. ஆசிரியரிடம் போய்க் கேட்பதே கூச்சமாக இருக்கிறது என்றார்கள். தாழ்வாரத் தூணில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டினோம். ஒரு ரூபாய்ச் செலவில் முடிந்த இந்த வேலையை இரண்டு வருடம் எங்களால் யோசிக்க முடியவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

மணல் பாதையை அக்டோபர் 2 கிராம சபையில் எழுப்புவது என்று ஐவரும் தீர்மானித்தார்கள். ஊராட்சி மன்றத் தலைவரிடம் முன்கூட்டியே மனு கொடுத்தோம். கிராம சபையில் பேச நான் எழுந்தபோது, ஓர் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே பேசினார். மகனைச் சக்கர நாற்காலியோடு கூட்டிவந்திருந்தார். நீளமாகப் பேசவில்லை. "நிறுத்தத்திலிருந்து மையத்துக்கு இவனை நான் முதுகில் சுமந்துகொண்டு போகிறேன். இன்னும் இரண்டு வருடம் சுமப்பேன். பிறகு என்னால் முடியாது." தீர்மானம் நிறைவேறியது. பொங்கலுக்குப் பிறகு பாதைக்குச் சிமெண்ட் கல் பதித்தார்கள். பயிற்சி நாட்களில் பஸ் மையத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு எழுத்தில் பதில் வரவில்லை. இரண்டு நடத்துநர்கள் தாங்களாகவே நிறுத்திக் கொடுக்கிறார்கள். பணி மாறிப்போனால் அதுவும் நின்றுவிடும்.

2024 தொடக்கத்தில் வாரத்துக்கு 21, 22 பேர் வரத் தொடங்கினார்கள். நாள் மாற்றம், பாதை, கழிப்பறை மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருபது நிமிடத்தில் கிளம்பிய அம்மா இப்போது முழு நேரமும் இருக்கிறார்.

கார்த்திகை மழையில் ஒரு சிறுவன் நிமோனியாவில் இறந்துபோனான். அவன் அம்மா ஐவரில் ஒருவர். மார்கழிக் கூட்டத்துக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "இனி நான் வரலாமா?" என்று கேட்டார். ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவரை யாரும் நீங்கள் இனி அது இல்லை என்று சொல்ல மாட்டோம் என்றார் பாட்டி, பக்கத்து நாற்காலியைத் தட்டிக்காட்டி. அவர் இன்றும் உறுப்பினர்.

கைகூடாதவை

மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலாவது பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்ட குரல். கல்லூரி மாணவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நான் திட்டம் போட்டேன். ஐவரிடம் கேட்காமல் போட்ட திட்டம் இது ஒன்றுதான். இரண்டு மாதத்தில் விழுந்துவிட்டது. பேச முடியாத பெண்பிள்ளையை முன்பின் தெரியாதவரிடம் விட்டுவிட்டு எந்த அம்மாவும் வெளியே போக மாட்டார். மாணவி உள்ளே இருக்க, அம்மாவும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீடுகளில் இருக்கும் இரண்டு அம்மாக்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐவரும் வேறொரு வழி சொன்னார்கள். மூன்று கிராமங்களில் தொடங்கினோம். இரண்டில் நடக்கிறது. ஓர் அம்மா நான்கு வருடத்துக்குப் பிறகு தன் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தார். மூன்றாவது கிராமத்தில் ஒரு வீடு ஊரிலும் மற்றது காலனியிலும் இருக்கிறது. இரண்டு அம்மாக்களும் மையத்தில் ஒரே மேடையில் மாறி மாறித் துணி மாற்றுகிறவர்கள், ஒருவர் பிள்ளையை மற்றவர் தூக்குகிறவர்கள். ஆனால் ஊர் வீட்டு அம்மா தன் மகனைக் காலனிக்கு அனுப்ப வீட்டார் விடவில்லை. காலனி அம்மா, "அவர்கள் வீட்டுக்குள் என்னை எங்கே உட்காரவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அக்கா" என்று சொல்லி முடித்துக்கொண்டார். இதற்கு எங்களிடம் விடை இல்லை. இரண்டு பிள்ளைகளையும் மையத்துக்கு அழைத்துவந்து பார்த்துக்கொள்வது என்று இப்போதைக்குச் செய்திருக்கிறோம். சாதியை அது தொடவில்லை என்பதைத் தெரிந்தேதான் செய்கிறோம்.

அப்பாக்களில் ஒருவர்தான் தொடர்ந்து வருகிறார். ஏழாம் வகுப்புச் சிறுமி இப்போது ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள், ஏனென்றால் அம்மா வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வர முடிகிறது. ஆனால் தம்பிக்கு வலிப்பு வந்த நாட்களில் இன்னும் அவள்தான்.

மறுபடி தொடங்கினால்

முதல் கூட்டத்தைக் கூட்டவே மாட்டேன். வீடுகளுக்குப் போய் வந்த பிறகுதான் கூட்டம். போகும்போது பெற்றோரைத் தேடிப் போகாமல், "இங்கே யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டு போவேன். பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தந்தை பெயர் என்றிருந்த பத்தியை, பார்த்துக்கொள்கிறவர் பெயர் என்று மாற்ற ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. அதை முதல் நாளே செய்திருப்பேன்.

இழப்பீட்டுப் பணத்தை நன்கொடையில் வைத்தது தவறு. மையத்தின் வழக்கமான செலவில் சம்பளத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்கொடை தீரும் மாதத்தில் அவர்கள் குரலும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் மட்டத்தைத் தாண்டியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் பராமரிப்பாளர்களின் சார்பில் இரண்டு பேருக்கு இடம் கொடுக்கிறது. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் அதன் உறுப்பினர்கள். பார்த்துக்கொள்கிறவருக்கென்று அதில் தனி நாற்காலி இல்லை. 18 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிப்பது அந்தக் குழுதான். எங்கள் பாட்டி பேரனுக்காக அங்கே விண்ணப்பித்தார். ஆவணங்கள் சேர்க்க ஐந்து மாதம், மூன்று முறை மாவட்டத் தலைநகருக்குப் பயணம். 2024 சித்திரையில் பாதுகாவலர் சான்று அவர் பெயரில் வந்தது.

அதை மையத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். பிறகு, "இதில் எனக்குப் பிறகு யார் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தக் கேள்வியை முதல் பொருளாகப் போட்டிருக்கிறோம், அவர் கேட்ட சொற்களிலேயே.